சூறாவளியின் பொறுப்பில் மிளகு

மாஸ்டரின் வலது காலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக், சொல்லிக்கொடுப்பவர் பக்கம் ஒரு பிரேக். வருஷக்கணக்காக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்து வைத்து, இப்போது வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கால் தரையைப் போட்டு அழுத்துகிறது. மகள் டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்தால் அழுத்தும். படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவினால் அழுத்தும். டிவியில் யாரோ மொட்டை மாடியிலிருந்து குதித்தால், அவனுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அப்போதும் அழுத்தும். சோபாவுக்கு முன்னால் தரைவிரிப்பில் அந்த ஓர் இடம் மட்டும் நைந்து ஓட்டை விழுந்துவிட்டது.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். பார்க்க அவ்வளவுதான் இருப்பாள், கடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாஸ்டரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நரம்பைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரே குத்து, வேலை முடிந்தது. வீட்டில் பேசுவதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே குத்தினார்.

"இந்த வருஷம் கேம்ப் நீங்களே தேடுங்க, நீங்களே சேருங்க. ஆனா முதல் வாரம் முடியறதுக்குள்ள பாதியில கூட்டிட்டு வந்தீங்கன்னா, அக்கா வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிடுவா. லீவு முழுக்க அங்கதான்."

இப்படி அவர் சொல்வதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் மிளகை ஒன்றல்ல, மூன்று சம்மர் கேம்பில் சேர்த்தார்கள். மூன்றிலிருந்தும் மாஸ்டர் நடுவிலேயே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டிராயிங் டீச்சர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் காரை ரிவர்ஸ் எடுத்ததை இவர் தன் கண்ணால் பார்த்தார், அதோடு டிராயிங் முடிந்தது. நீச்சல் கோச் இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் தன் ஒரு வண்டியைக் கோணலாக நிறுத்தியிருந்தார். தரையிலேயே இந்த லட்சணம் என்றால் தண்ணீரில் எப்படி என்று நீச்சலும் முடிந்தது. டான்ஸ் டீச்சருக்கு வண்டியே கிடையாது, பஸ்ஸில் வருகிறவர். அவர்மேல் குற்றம் கண்டுபிடிக்க மாஸ்டர் தலைகீழாக நின்று பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் நேராக உள்ளே போய், கல்லு மாதிரி இருந்த பிள்ளையின் நெற்றியில் கையை வைத்து, ஜுரம் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உண்மையான காரணம் தெருவின் எதிர்ச் சாரியில் நின்று அந்த மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தவரால் அதற்கு மேல் அவளை விட்டு இருக்க முடியவில்லை என்பதுதான். அதை வெளியே சொல்ல முடியுமா.

மிச்ச லீவு முழுக்க மிளகு டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றாள். சுவரில் மாட்டியிருந்த சாலைக் குறிகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். தன் வயசில் ஒரு சிநேகிதி கிடையாது. மாஸ்டருக்கு அது பரம சந்தோஷமான லீவு.

பெரியம்மா வீடு வேறு ஊரில் இருந்தது. பெரியம்மா நல்லவர்தான். ஆனால் அந்த வீட்டில் செருப்புக்கு வரிசை உண்டு, சிரிப்புக்கு அளவு உண்டு, சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றினால் ஒரு பார்வை உண்டு. ஒரு தடவை கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பிய மிளகு, வாசலில் நின்று "நான் தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள். பிள்ளையைப் பழையபடி கெடுத்து எடுப்பதற்குள் மாஸ்டருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அது மட்டுமில்லை. நாள் முழுக்க யார் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சைக் கொல்வார்கள், கியரைக் கதற வைப்பார்கள், நடைபாதையில் ஏறுவார்கள். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் மிளகு ஓடி வந்து, "இன்னிக்கு யாருப்பா இடிச்சாங்க?" என்று கேட்பாள். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடித்துக் காட்டுவார். இடித்தவராக ஒரு முறை, இடிபட்டவராக ஒரு முறை, இடிபட்ட சுவராக ஒரு முறை. அவள் தரையில் உருண்டு சிரிப்பாள். மாஸ்டர் அந்த நாளில் வாழ்ந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். லீவு முழுக்க அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே ஆளில்லை என்றால் அவர் என்ன செய்வார்? அவரால் முடியாது. அதனால் தேடினார்.

தேடுவதற்கு மற்ற அப்பாக்களைப் போல நாலு பேரை விசாரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி பழகினவர்கள். ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாலு தெரு ஓட்டச் சொன்னால் போதும், அவர்களுடைய குடலும் குணமும் தெரிந்துவிடும் என்பது மாஸ்டரின் சித்தாந்தம். பெயர் எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார், ஆயுளுக்கும் அதுதான். கண்ணாடியையே பார்க்காத ஆள் 'குருடு.' ஒவ்வொரு கியருக்கும் ஒரு கடவுளைக் கூப்பிட்ட அம்மாள் 'கும்பிடு.' இண்டிகேட்டரை ஒரு பக்கம் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பின ஆள் 'அரசியல்.'

இப்போது பாருங்கள், ஊரில் கேம்ப் நடத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் புண்ணியவான்கள்தான். ரோபோ செய்யக் கற்றுத் தருகிறேன் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தவர் குருடு. பின்னால் என்ன வருகிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்காத ஆளிடம் பிள்ளையை விடுவதா என்று மாஸ்டர் அந்த வாசலையே மிதிக்கவில்லை. ஆளுமை வளர்ச்சி முகாம் நடத்தியவர் கும்பிடு. ஒன்பது வயதில் தலைமைப் பண்பு வரவழைத்துத் தருவதாக அவர் சொன்னார். ஐம்பதை நெருங்கியும் மாஸ்டருக்கே அது வந்தபாடில்லை, பிள்ளைக்கு என்ன அவசரம் என்று கும்பிடுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். நாடகப் பயிற்சி வைத்திருந்தவர் அரசியல். அங்கே பேசவே ஒன்றுமில்லை.

லீவு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. பெரியம்மா போனில் பேசும்போதெல்லாம் பின்னணியில் பெட்டி துடைக்கிற சத்தம் கேட்பதாக மாஸ்டருக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து மிளகு, தன் வகுப்பில் எல்லாரும் போகப் போகிற ஒரு கேம்ப் இருக்கிறது என்று சொன்னாள். செடி விற்கிற நர்சரிக்குப் பின்னால், பழைய கிடங்கில். சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். மாஸ்டர் கூட்டிக்கொண்டு போனார். கிடங்கு வாசலில் கையில் சுத்தியலோடு நின்று சிரித்த பெண்ணைப் பார்த்ததும் அவர் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அது சூறாவளி.

மாஸ்டரின் தொழில் வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கலாம். சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின். அந்தப் பெண் தொடாத பொருள் இந்த ஊரில் இல்லை. குப்பைத் தொட்டி, பூந்தொட்டி, சைக்கிள், கடைப் பலகை, டிரைவிங் ஸ்கூலின் சொந்த கேட். லைசென்ஸ் பரீட்சை அதிகாரி இவள் வருகிறாள் என்றால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு வருவார். எத்தனை முறை தோற்றாளோ அத்தனை முறையும் அடுத்த நாள் காலையில் வந்து நின்றாள். அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு தடவை இடித்ததும் "இடிச்சிட்டேனா மாஸ்டர்?" என்று சிரித்துக்கொண்டே இறங்குவாள். என்ன ஆயிற்று என்று குனிந்து பார்ப்பாள். யாருடையது என்று விசாரித்து, அவர்களிடம் போய் நான்தான் இடித்தேன் என்று சொல்லி, திட்டு வாங்கி, சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, மறுபடி வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா என்று மாஸ்டர் அப்போது நினைத்ததுண்டு. கடைசியில் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று அவர் அழுதார். அது ஆனந்தக் கண்ணீர் இல்லை, ஊரை நினைத்து அழுதது.

கிடங்குக்குள் பிள்ளைகள் கையில் நிஜமான ரம்பம் இருந்தது, நிஜமான ஆணி இருந்தது. ஒரு பொடியன் பலகையை அறுத்துக்கொண்டிருந்தான், இன்னொருத்தி அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் கால் சிமெண்டுத் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. பின்னால் ஒரு புல் சரிவு. அங்கேதான் அவர் அதைப் பார்த்தார். நாலு சக்கரம், ஒரு பலகை, திருப்புவதற்கு ஒரு கயிறு. பிள்ளைகளே செய்த வண்டியாம். ஒவ்வொருவராக அதில் ஏறிச் சரிவில் உருண்டு வந்து, கீழே குவித்திருந்த வைக்கோலில் போய் விழுந்தார்கள்.

"இதுக்கு பிரேக் எங்கம்மா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"கால்தான் பிரேக், மாஸ்டர்" என்றாள் சூறாவளி.

மிளகு ஏற்கனவே வரிசையில் போய் நின்றுவிட்டாள். அவள் முறை வருவதற்குள் இவர் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வரும் வழி முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் காரமாக ஏதோ இருந்தது, ஆனால் மாஸ்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. உயிரோடு மீட்டு வந்ததே பெரிது என்று இருந்தது அவருக்கு.

அப்போதுதான் அவருக்கு 'அளவுகோல்' என்று தான் பெயர் வைத்திருந்த மாணவனின் நினைவு வந்தது. மாஸ்டர் பெற்றெடுக்காத பிள்ளை அவன். முதல் நாளே கண்ணாடி பார்த்தான், முதல் நாளே மேட்டில் நிறுத்தி, பின்னால் ஒரு விரற்கடைகூட உருளாமல் வண்டியை எடுத்தான், முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினான். இன்று வரை அவன் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அவனும் ஒரு கேம்ப் ஆரம்பித்திருக்கிறான் என்று தெரிந்ததும் மாஸ்டர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடினார். ஒரு காலை வேளை பிள்ளை உட்கார்ந்து பார்க்கலாம், பெற்றோர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கவனிக்கலாம் என்று ஏற்பாடு.

உள்ளே எல்லாம் மாஸ்டர் கனவில் கண்ட மாதிரியே இருந்தது. தண்ணீர் பாட்டில்கள் ஒரே கோட்டில் நின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு சதுரத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரிக் காகிதத்தை ஒரே மாதிரி மடித்தார்கள். எழுந்திருக்க வேண்டுமானால் கை தூக்க வேண்டும். மாஸ்டரின் கால், பல வருஷத்துக்குப் பிறகு, தரையில் சும்மா கிடந்தது. மிளகின் முகத்தை மட்டும் அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு சின்னப் பையன் வாந்தி எடுத்தான். பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளைகள் எடுக்கிற சாதாரண வாந்தி. அளவுகோலின் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யாரும் அசையக் கூடாது என்றான், சுவரோடு ஒட்டி நின்றான், போனை எடுத்து அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டு உடனே வந்து அழைத்துப் போகும்படி கெஞ்சினான். பையன் தன் சதுரத்திலேயே நின்று அழுதான். மிளகு எழுந்து போனாள். மூலையிலிருந்த துடைப்பானை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள், பையனின் வாயைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அளவுகோலுக்கு மூச்சு வந்ததும் முதல் வேலையாக, கை தூக்காமல் ஏன் எழுந்தாய் என்று அவளைக் கேட்டான்.

மாஸ்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதைப் பார்த்தார். இந்தப் பையன் இதுவரை எதிலும் இடித்ததே இல்லை, இடித்தால் என்ன செய்வது என்று இவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அவருக்கு உறைத்தது. அந்த யாரும் என்பதில் முதல் ஆள் தானே என்பதும் கொஞ்சம் கழித்து உறைத்தது. இருந்தாலும் மாஸ்டர் லேசில் தோற்கிற ஆளில்லை. வாந்தி தினமும் வராது, மற்றதெல்லாம் பத்திரம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். திரும்பும்போது காரில், திங்கட்கிழமையிலிருந்து இங்கேயே வந்துவிடலாமா என்று நைசாகக் கேட்டார்.

"நான் பெரியம்மா வீட்டுக்கே போறேன்பா" என்றாள் மிளகு.

மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டினார். எதற்கு என்று கேட்டார். அங்கே போனால் முழங்கையைக் கூட வைக்க முடியாது என்று நினைவூட்டினார்.

"தெரியும். ஆனா அங்க போனா லீவு முடியற வரைக்கும் இருப்பேன். பாதியில யாரும் வந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "எனக்கு டான்ஸ் பாதிதான் தெரியும். யானை வரைஞ்சேன், பின்னாடி பாதி வரையல. நீச்சல்ல உள்ள போறது தெரியும். மேல வர்றது சொல்லித் தர்றதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளும் ஊரிலிருக்கிற மோசமான டிரைவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். அவளோ இவரிடமிருந்து தப்பிக்க ஊர் விட்டு ஊர் போகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவருக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது. வீட்டில் சொன்னால் மனைவி ரத்தம் எடுத்துவிடுவார் என்பதால் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே அவர் தனியாக நர்சரிக்குப் பின்னால் போனார். சூறாவளி ஒரு சக்கரத்தைக் கழற்றிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் இருக்கிறதா என்று மாஸ்டர் தரையைப் பார்த்துக் கேட்டார். இருக்கிறது என்றாள். பிறகு, போன வருஷத்துக் கதையெல்லாம் ஊருக்கே தெரியும் மாஸ்டர் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தன் கேம்பில் ஒரே ஒரு வழக்கம் உண்டு என்றாள். பிள்ளை அழுது, அப்பாவோடு பேச வேண்டும் என்று கேட்டால் போனைக் கையில் கொடுத்துவிடுவாள், மறைக்க மாட்டாள். வருவதும் வராததும் பெற்றவர்கள் பாடு. மாஸ்டர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னபோது மிளகு அவர் முதுகில் தொற்றி ஏறினாள். மனைவி மட்டும், "ஒரு வாரம்" என்று ஒரு குத்து குத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

திங்கட்கிழமை காலையில் மாஸ்டர் மகளை விட்டுவிட்டு, ஒரு தடவைகூட எதிர்ச் சாரியில் நிற்காமல், வேலைக்கு வந்துவிட்டார். இதற்கே ஒரு பதக்கம் தரலாம். மத்தியானம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போது காரில் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருந்தவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஆயுள் முழுக்கப் பையன்களை விரட்டினவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் எறும்புக்கு வழிவிடுவார். போன் அடித்தது.

"அப்பா, வாங்க. வீட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அழுகை.

வாத்தியார் சார், நேராகப் போங்கள், வேகமாகப் போங்கள் என்றார் மாஸ்டர். வாத்தியார் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று முடிவு செய்து நேராகப் போனார். பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. ஒரு கிழவர் நடைபாதையில் கைத்தடியோடு இவர்களைத் தாண்டிப் போனார். இடம் மாறி உட்கார்ந்து தானே ஓட்டலாம் என்கிற புத்தி, ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனிதருக்கு, அப்போது வரவே இல்லை. அவர் மனசுக்குள் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. மனைவியிடம் என்ன சொல்வது? ஜுரம் என்று சொன்னால் லேப்காரரிடம் எடுபடாது. வயிற்று வலி என்றால் சோதிக்க முடியாது. கேம்பையே மூடிவிட்டார்கள் என்று சொன்னால் என்ன? இப்படி ஒவ்வொரு பொய்யாக எடுத்துப் பார்த்துக்கொண்டே போனார். எந்தப் பொய்யைச் சொன்னாலும் முடிவில் பெரியம்மா பெட்டியோடு வாசலில் நின்றார்.

மிளகு கிடங்குக்கு வெளியே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் பிளாஸ்திரி, தலையெல்லாம் வைக்கோல். சரிவில் வண்டி கவிழ்ந்துவிட்டதாம். முழங்கை ஒன்றும் பெரிய வலி இல்லையாம்.

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா. டிரைவிங் மாஸ்டர் பொண்ணுக்கே ஓட்டத் தெரியலன்னு சொன்னாங்க." மூக்கை உறிஞ்சினாள். "வாங்க, போலாம்."

மாஸ்டருக்கு அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பிடித்து டெஸ்ட் வைத்து பெயிலாக்க வேண்டும் போல இருந்தது. சரிவின் உச்சியில் அந்தச் சனியன் பிடித்த வண்டி நின்றது. கயிற்றை இவள் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறாள், அவ்வளவுதான் விஷயம், ஒரு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அவர் சரிவை நோக்கி நடக்கத் தொடங்கினார். சூறாவளி குறுக்கே வந்து நின்றாள்.

"மாஸ்டர், அது உங்க வண்டி இல்ல."

பட்டென்று சொன்னாளே தவிர மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. மாஸ்டர் நின்றார். திரும்பி வந்து மகளுக்கு முன்னால் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அவர் உடம்பு முழுக்கச் சொல்லியது. தூக்கினால் கார் வரை, கார் என்றால் வீடு வரை, வீடு என்றால் நாளை மறுநாள் பெரியம்மா வீடு வரை. பிள்ளைக்குச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை ஒன்றும் அவருக்கு வரவில்லை. விழுந்தால்தான் எழ முடியும் என்கிற மாதிரி ஏதாவது சொல்லலாம். கும்பிடு அதைத்தான் சொல்லியிருப்பார். மாஸ்டருக்கு நாக்குக் கூசியது. அதனால் உண்மையைச் சொன்னார்.

"நான் இப்ப உன்னைக் கூட்டிட்டுப் போனா, அம்மா உன்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிடுவா. சாயந்தரம் நான் வந்தா வீட்டுல நீ இருக்க மாட்ட. என்னால அது முடியாதுடா."

மிளகு அவரை முறைத்துப் பார்த்தாள். "அப்ப உங்களுக்காகவா நான் இங்க இருக்கணும்?"

"ஆமா."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. பெரியவர்கள் எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தாள். பயந்துபோன ஒரு ஆள் மண்ணில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. வாந்தி எடுத்த அந்தப் பையனைப் பார்த்த மாதிரியே இவரையும் பார்த்தாள்.

"சரி, இருக்கேன்" என்றாள். "ஆனா நீங்க பாக்கக் கூடாது. திரும்பிக்கோங்க."

மாஸ்டர் எழுந்து திரும்பிக்கொண்டார். எதிரே நர்சரியின் வேலி, அதில் ஒரு ரோஜாத் தொட்டி. அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒருத்தன், நீ எனக்குப் பின்னால்தான் என்று சண்டை பிடிக்கிற சத்தம். பிறகு சக்கரங்கள் கடகடவென்று சரிவில் இறங்குகிற சத்தம். மாஸ்டர் ரோஜாவைப் பார்த்தார். ஜென்மத்தில் ஒரு ரோஜாவை இவ்வளவு உன்னிப்பாக அவர் பார்த்ததில்லை. சத்தம் வேகமாகி, வேகமாகி, தடாலென்று நின்றது. பிள்ளைகள் கூவினார்கள். சூறாவளி அவருக்கு எதிரே, சரிவைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"விழுந்துட்டாளா?" என்று மாஸ்டர் அவளிடம் கேட்டார்.

"விழுந்துட்டா, மாஸ்டர்."

"அழறாளா?"

சூறாவளி கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். "இல்ல. மறுபடியும் வரிசைல போய் நிக்கிறா."

மாஸ்டருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வேலி ஓரமாகவே நடந்து வாசலுக்கு வந்தார். கணக்கு வாத்தியார் காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இவருக்காகக் காத்திருந்தார், பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பிள்ளை எங்கே, கூட்டி வரவில்லையா என்று வாத்தியார் கேட்டார்.

"சாயந்தரம் வருவா, சார்" என்றார் மாஸ்டர். "நீங்க வண்டியை எடுங்க."